காலருக்கு மேலே ஒரு மச்சம்

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவருடைய முகத்தை அதிகம் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பின்கழுத்துதான். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிற வேலை அவளுக்கு. தினமும் காலையில் அதே பேருந்து, ஓட்டுநருக்கு நேர் பின்னால் அதே இருக்கை. அவருடைய காலருக்கு மேலே, மிளகு அளவில் ஒரு மச்சம். மற்ற பெண்கள் கண்ணைப் பார்த்து மயங்கினால் இவள் மச்சத்தைப் பார்த்து மயங்கினாள். தலையெழுத்து, யாரால் மாற்ற முடியும்?

சக ஓட்டுநர்கள் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் வண்டி பறக்கும், இவர் வண்டி நடக்கும். அவளுக்கோ அதுவும் வேகமாகத் தெரிந்தது. ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல், "காலர் உள்ள மடிஞ்சிருக்குங்க" என்றாள்.

"நான் ரோட்டைப் பாக்கணும். நீங்களே சரி பண்ணிடுங்க" என்றார் அவர், திரும்பாமலே.

பேருந்தே சிரித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றாலும் அவள் கை நீண்டு சரிசெய்துவிட்டது. அப்புறம் அந்தக் கையை அவர் விடவே இல்லை.

ஓய்வு பெற்ற மறு வருஷம் மச்சம் பெரிதாகி, ஓரம் கோணலாகி, ரத்தம் கசிந்தது. தோல் புற்றுநோய் என்றார்கள். சுற்றியிருந்த தோலோடு சேர்த்து வெட்டி எடுத்துத் தைத்தார்கள். மருத்துவரம்மா அவளைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "பின்கழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. மாசா மாசம் நல்ல வெளிச்சத்துல நீங்க பாருங்க. தழும்புகிட்ட புதுசா எது தெரிஞ்சாலும் உடனே வாங்க."

அந்த வெறும் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ அந்நிய மனிதரின் கழுத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலோரம் முக்காலியில் அவரை உட்காரவைத்துப் பார்த்தபோது, தழும்பின் ஓரத்தில் ஊசிமுனை அளவு கறுப்பு. பயம் வரவேண்டிய நேரத்தில் அவளுக்கு வந்தது சந்தோஷம். போன மச்சம் திரும்பி வந்துவிட்டதாம்! "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அடுத்த மாதமும் அதையே சொன்னாள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல.

அடுத்த பரிசோதனையில் மருத்துவரம்மா பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள், அதே நோய்தான். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்ததில் கழுத்து நெறிக்கட்டி ஒன்றிலும் பரவியிருந்தது. நல்லவேளை, நுரையீரலும் ஈரலும் தப்பின. நெறிக்கட்டியை எடுத்து, கழுத்தில் மறுபடி அகலமாக வெட்டி, தொடைத்தோலை எடுத்து ஒட்டினார்கள். இனி ஒரு வருஷத்துக்கு, சில வாரத்துக்கு ஒருமுறை, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும்.

"திரும்ப வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. வந்தா சீக்கிரமே பிடிச்சிடணும், அவ்வளவுதான்" என்றார் மருத்துவரம்மா.

முதல் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. "நான் முன்னாடியே பாத்தேங்க. மச்சம் திரும்ப வந்திருக்குன்னு நெனச்சு... சந்தோஷப்பட்டேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் அப்படித்தான். தட்டை வாங்கிக்கொள்வார், கண்ணைப் பார்க்கமாட்டார். மகளை வரச்சொல்லி அவளிடம் கழுத்தைக் காட்டிவிடுவாரோ என்று இவள் செத்துச் செத்துப் பிழைத்தாள். அவர் உயிரைப் பற்றிய பயம் ஒரு பக்கம். தன் கண்ணை இனி நம்பமாட்டார் என்கிற பயம், சொல்ல வெட்கமாக இருந்தாலும், அதற்குக் குறைந்ததில்லை.

இரண்டாவது மருந்துக்குப் போனபோது நர்ஸ் கேட்டாள்: "வீட்டுல மாசா மாசம் யாருங்க பாப்பாங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவதான்" என்றார் அவர். "இனிமே இவ கண்ணுக்கு என் உடம்புல எதுவும் அழகாத் தெரியாதுங்க."

நர்ஸ் வாய்விட்டுச் சிரித்தாள். மனைவிக்குத்தான் அழுகை வந்தது.