சாரலுக்குத் தாங்காத துணி

துபாயில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்துவந்த என் கணவர், இனி போவதில்லை என்று முடிவெடுத்து ஊர் திரும்பினார். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் சின்ன லாட்ஜ் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தோம். கல்யாணமானதிலிருந்து அவரை லீவுக்கு வருகிறவராகவே பார்த்திருந்த எனக்கு, காலையில் சேர்ந்து டீ குடிப்பதே புதிதாக இருந்தது.

வரவேற்பறைக்கு செனில் துணி போட்ட சோபாதான் வேண்டும் என்றார். அவருடைய ஹோட்டலில் அப்படித்தானாம். தென்காசியில் சோபா தைப்பவர் துணியை விரித்துக் காட்டினார். மேலெல்லாம் மென்நூல் புசுபுசுவென்று நிற்க, கை வைத்தால் பூனை முதுகுபோல மெத்தென்று இருந்தது.

"வீட்டுக்குன்னா வருசக்கணக்கா உழைக்கும் அண்ணாச்சி. லாட்ஜுக்குன்னா யோசிச்சுக்கிடுங்க. ஈரம் ஆகாது."

"அங்கன எம்புட்டுப் பேரு வந்து உக்காருதான்! ஒண்ணும் ஆகலையே," என்றார் இவர். அங்கே ஏசி ஓடுகிறது, வருகிறவர்கள் உலர்ந்த உடம்போடு வருகிறார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஆனியில் சாரல் தொடங்கியது. எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்தவர்கள் ஈர வேட்டியோடு வந்து சோபாவில் சாய்ந்தார்கள். எண்ணெய் இறங்கிய இடங்களில் மென்நூல்கள் திரிதிரியாக ஒட்டிக்கொண்டன. வெயிலே இல்லாததால் எதுவும் காயவில்லை. பூஞ்சை வாடை அடித்தது. இவர் பிரஷ்ஷும் கையுமாக அலைந்தார்.

ஒருநாள், குடும்பத்தோடு தங்கியிருந்த பெரியவரிடம், "துண்டை விரிச்சு உக்காருங்க," என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டார்.

"ஏலே, உக்காரப் போட்டிருக்கியா, பாக்கப் போட்டிருக்கியா?" என்று கேட்ட பெரியவர், குடும்பத்தோடு எதிர் லாட்ஜுக்குப் போய்விட்டார்.

அன்று இவர் சாப்பிடவில்லை.

சீசன் முடிவதற்குள் இருக்கையில் மென்நூல் உதிர்ந்து அடித்துணியின் நெசவு தெரிந்தது. இவரே அதைக் கிழித்தெடுத்து ரெக்சின் மாட்டினார். ஆணி அடித்துக்கொண்டே, "ஏட்டி, எனக்குத் தெரிஞ்ச தொழிலு அங்கனதான் போல," என்றார். நான் மறுத்துப் பேசினேன். அவர் காதில் ஏறவில்லை. பழைய ஹோட்டல்காரர்கள் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டார்.

ஒரு சோபாவுக்காக யாரும் ஊரை விட்டுப் போவதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் முதலிலேயே ரெக்சின் வாங்கியிருந்தால் அவர் இன்னும் ஒரு சீசன் பொறுத்துப் பார்த்திருப்பாரோ என்ற நினைப்பு போகமாட்டேன் என்கிறது. லாட்ஜை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வீடியோ காலில் அருவியில் தண்ணீர் விழுகிறதா, கூட்டம் உண்டா என்று கேட்பார். வரவேற்பறையைக் காட்டச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.