வைக்கோலுக்குக் கீழே

இரசாயன உரம் கிடைக்காமல் போன வருஷம், கிளிவெட்டியில் எங்கள் கத்தரித் தோட்டம் மஞ்சளித்துக் காய்க்காமலே நின்றது. அதன் பிறகுதான் என் கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார்.

உரம் மறுபடி கடைக்கு வந்தபோது எங்களால் வாங்க முடியவில்லை. மாட்டெருவையும் வேலிக் கிளிசரிடியா இலையையும் போட்டு, மேலே வைக்கோலால் மூடினேன். மண்ணைக் கொத்துவதையும் நிறுத்தினேன். கொத்த ஆளில்லை என்பதுதான் உண்மை.

மாரி கழிந்து வைக்கோலைக் கிளப்பினால், அடியில் வெள்ளை வெள்ளையாக நூல்கள். பயந்துபோய் வீடியோ அழைப்பில் அவருக்குக் காட்டினேன். பங்கசு, பூஞ்சணம், வேரைத் தின்றுவிடும், கிண்டி எரி என்றார். பிறகு குரல் தணிந்தது.

"போனைக் கொஞ்சம் மண்ணுக்குக் கிட்டப் பிடியும். மண் நல்லாக் கறுத்துப்போய் இருக்கு, என்ன?"

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எரிக்கவில்லை.

மூதூரிலிருந்து வந்த விவசாயப் போதனாசிரியை அது நோயல்ல, இலையை உக்க வைத்து எருவாக்கும் பங்கசு என்றார். வேரோடு ஒட்டி வாழ்வது வேறொன்று, கண்ணுக்குத் தெரியாதாம். செடி காற்றிலிருந்து எடுத்த காபனைச் சீனியாக்கி அதற்குக் கொடுக்க, வேர் எட்டாத இடத்துச் சத்தை அது கொண்டுவருமாம். அந்தக் காபனில் கொஞ்சம் மண்ணிலேயே தங்கிவிடும், கொத்திக் கிளறினால் குறையும் என்றார். காயில் சத்துக் கூடியிருக்கிறதா என்று கேட்டேன். சோதித்துப் பார்க்காமல் சொல்ல ஏலாது என்றார்.

ருசி கூடியிருந்தது, அது எனக்குத் தெரியும். பால்கறி வைத்துத் தனியேதான் சாப்பிட்டேன்.

கட்டாரிலிருந்து லீவில் வந்தவர் முக்கால்வாசி நாளும் தோட்டத்திலேயே நின்று இலை வெட்டிப் பரப்பினார். புறப்படும் நாள் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. நான் சமைக்க, குசினியில் என் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். அதுவரை கேட்காததை அன்றைக்குக் கேட்டேன்.

"இந்த முறை போகாம நிக்க ஏலாதோ?"

"நிக்க ஆசைதான். மண் தேறுது, ஓம். ஆனா ரெண்டு பேரைத் தாங்க இன்னும் கொஞ்ச வருஷம் எடுக்கும்."

அவர் சொன்னது சரி. முன்னைய விளைச்சலில் பாதிகூட இன்னும் வரவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் வான் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது.

அவர் கடைசியாகப் பரப்பிய இலைமேல் வைக்கோல் போட எனக்குக் கன நாள் மனம் வரவில்லை. வெயிலில் காயும், மூட வேண்டும் என்று தெரியும். பச்சை மாறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் மூடினேன்.