விசில் வரைக்கும்

கபடியில் பாடிப் போகிறவனைத்தான் ஊருக்குத் தெரியும். அவன் தொடையைத் தட்டினால் கைதட்டல், மூக்கைச் சிந்தினாலும் கைதட்டல். பிடிக்கிறவனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மைக் செட்டில் எப்போதாவது சொன்னாலும் "அந்தக் குண்டு அண்ணன்" என்பதோடு சரி. நான் பதினைந்து வருடத்துக்கு மேல் பிடித்தவன். இடது கார்னர். எத்தனை ஊர்ப் பனியன் போட்டிருக்கிறேன் என்று கேட்டால் இரண்டு கை விரலும் போதாது. அதில் ஒன்றுகூட என் வயிற்றை முழுதாக மூடியதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடையில் ஒரு கபடி டீமின் கேப்டன் வேலை பார்த்தார். ஒருநாள் நான் ஜீப்பிலிருந்து மூட்டை இறக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவனை நகத்தவே ரெண்டு பேரு வேணும். சாயங்காலம் கிரவுண்டுக்குக் கூட்டியாங்கடா" என்றார். அதுதான் எனக்கு நடந்த தேர்வு.

அந்த டீமில் எனக்குப் பக்கத்தில் நின்றவன் மலையில் வேலை பார்த்தவன். போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் பறித்த பச்சைக் காயைச் சரிவிலிருந்து முதுகில் சுமந்து, காய வைக்கும் ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் சோலி. சனிக்கிழமை லோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு இறங்குவான், ஞாயிறு ஆடுவான், திங்கள் விடியலில் ஏறிவிடுவான். எங்களுக்குள் உறவுமுறை எதுவும் கிடையாது. ஆனாலும் முதல் நாளே என்னை மாப்ளே என்று கூப்பிட்டான், கடைசி வரைக்கும் அப்படியேதான் கூப்பிட்டான்.

பிடிக்கிறவர்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோர்த்து நிற்போம். அவன் கை என் கைக்குள் இருக்கும். ஓர் அமுக்கு அமுக்கினால் 'இரு', இரண்டு அமுக்கினால் 'போ'. பேச்சே வேண்டாம். நாலு வருடம் அப்படி நின்றோம். என் பெண்டாட்டி கையைக்கூட நான் அவ்வளவு நேரம் பிடித்திருக்க மாட்டேன்.

பிறகு கேப்டன் கேரளாப் பக்கம் பிழைக்கப் போக, டீம் கலைந்தது. நான் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் ஆடப் போனேன். கடை வாசலில் வந்து நிற்பார்கள், "அண்ணே, இந்த ஞாயித்துக்கெழமை எங்களுக்கு ஒரு கை குடுங்க" என்பார்கள். பஸ் காசும் கறிச்சோறும் ஒரு துண்டும் கிடைக்கும். போன வாரம் யாரை ஜெயிக்க வைத்தேனோ அவர்களை இந்த வாரம் தோற்கடிப்பேன். அவனோ தன் ஊருக்கு மட்டும்தான் ஆடுவான். "நீ வாடகைச் சைக்கிளு மாப்ளே, எவன் வேணாலும் ஏறி மிதிக்கிறான்" என்று கிண்டல் செய்வான். கோபம் வந்தாலும் உண்மை என்பதால் சிரித்துவைப்பேன்.

ஓர் அடைமழையில் மூட்டையோடு சரிவில் சறுக்கி அவனுக்கு இடது முட்டி பிசகியது. கீழே வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தான். பத்துப் போட்டுக் கட்டிவிட்டேன். "எவன்ட்டயும் சொல்லிறாத மாப்ளே. தெரிஞ்சா அந்தக் காலைத்தான் அள்ளுவாங்ய" என்றான். நான்தான் யோசனை சொன்னேன்: இரண்டு முட்டிக்கும் உறை மாட்டிக்கொள், எந்த முட்டி என்று எவனுக்கும் தெரியாது. அன்றிலிருந்து இரண்டு உறையோடுதான் ஆடினான். எது கெட்ட முட்டி என்பது ஆடுகிறவர்களில் எனக்கு மட்டும் தெரியும்.

அடுத்த பொங்கலுக்கு சிலமலை கிராமத்துப் பக்கம் ஒரு போட்டி. அவன் தன் ஊருக்கு ஆட வந்தான், நான் வழக்கம்போல வேறு யாருக்கோ. மதுரையிலிருந்து ஒரு மில் டீமுக்கு ஆள் எடுக்க ஒருவர் வருகிறார் என்று எனக்கு முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. நின்று பிடிக்கிற கார்னர் ஒருவன் தேவையாம். எடுத்தால் மில்லில் நிரந்தர வேலை. மூட்டை தூக்கியே சாகப் போகிறோம் என்று நினைத்திருந்தவனுக்கு அது என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அன்று காலை இட்லி இறங்கவில்லை.

கடைசி ஆட்டத்தில் நாங்களும் அவர்களும் மோதினோம். முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. அவர்களில் அவன் ஒருத்தன்தான் மிச்சம். பிடிக்கிறவனாக இருந்தாலும் ஆளில்லாதபோது பாடிப் போய்த்தானே ஆக வேண்டும். அவனைப் பிடித்துவிட்டால் ஆட்டம் எங்களுக்கு. எங்களில் ஒருவனைத் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டால் அவர்களுக்கு. கபடி கபடி என்று அவன் பாடியது மேடு ஏறுகிறவனுக்கு இரைப்பது போல இருந்தது. எட்டு வைத்து எட்டு வைத்து என் மூலைக்குத்தான் வந்தான். ஏன் என் பக்கம் வந்தான் என்று நான் கேட்டதே இல்லை.

கையை நீட்டி என் தோளைத் தொட்டான், திரும்பினான். நான் விழுந்து இடது காலை அள்ளினேன். கார்னரில் நிற்பவனுக்குக் கிட்டத்தில் இருந்த கால் அதுதான் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலது கால்தான் கிட்டத்தில் இருந்தது.

இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். அவன் கை நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நீண்டிருந்தது. அப்போது அவன் கத்தினான்: "முட்டி மாப்ளே, விட்ரு!"

கபடியில் பாட்டைத் தவிர ஒரு சொல் வாயில் வந்தாலும் மூச்சு விட்டதாகக் கணக்கு. அந்தக் கணமே அவன் அவுட். ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் கொட்டும் கூச்சலுமாக இருந்ததில் அம்பயருக்கு அது கேட்கவில்லை, அவர் விசில் வாயோரம் அப்படியே நின்றது. நான் விட்டால் அவன் முன்னால் எக்குவான், கை கோட்டில் படும், அம்பயர் அவர்களுக்குக் கொடுத்துவிடுவார். பிடித்த பிடியை விசில் வரைக்கும் விடக்கூடாது என்பதுதான் பிடிக்கிறவனுக்கு முதல் பாடம். நான் விடவில்லை. கேட்டும் விடவில்லை. இன்னும் இறுக்கினேன். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் மேலே வந்து விழுந்தார்கள். என் கைக்குள் பச்சை மட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் விசில் வந்தது.

என்னைத் தோளில் தூக்கினார்கள். நாலு பேர் சேர்ந்தும் சரியாகத் தூக்க முடியாமல் தள்ளாடினார்கள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது அவனை ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மில்காரர் வந்து கையைக் குலுக்கி, "நல்ல பிடிப்பா. கடைசி வரைக்கும் விடலை பாரு" என்றார். அந்த வாரமே மதுரைக்குப் போய்விட்டேன். அவன் போடி ஆஸ்பத்திரியில் கிடந்தான், என் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். போகவில்லை. நேரமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

மில்லில் ஏழு வருடம். முதல் இரண்டு வருடம் ஆடினேன். அப்புறம் என்னைவிட உயரமான ஒரு பையனை எடுத்தார்கள், நான் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருடம் வேறொரு மில்லுக்கு இரவல் கொடுத்தார்கள், திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிறகு டீமையே கலைத்து எங்களை நூல் பேல் கட்டுகிற பிரிவில் தள்ளினார்கள். எண்பதுகளில் மில் அடிக்கடி மூட ஆரம்பித்ததும் போடிக்கே திரும்பி, விரல் மடங்காமல் போகும் வரை ஊர் ஊராக ஆடினேன். நான் பிடித்ததைப் பற்றி நாலு வரி எழுத யாருக்கும் தோன்றியிருக்காது. எழுதியிருந்தால் அந்த ஒரு பிடியைத்தான் எழுதியிருப்பார்கள்.

திரும்பி வந்த பிறகு மறுபடி மூட்டை வேலைதான். ஒருநாள் காய் பிரிக்கிற குடோனில் மூட்டை இறக்கப் போனேன். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் ஏலக்காயைக் கொட்டிப் பெருசு சிறுசு பிரிப்பார்கள். அது பெண்கள் பார்க்கிற வேலை. அந்த வரிசையின் நடுவில், ஒரு காலை நீட்டிக்கொண்டு, முறத்தை மடியில் வைத்து அவன் உட்கார்ந்திருந்தான். மலை ஏறுகிற கால் போன பிறகு வேறு யாரும் வேலை கொடுக்கவில்லையாம். அந்தப் பெரிய கை ஒற்றைக் காயைப் பொறுக்குவதைப் பார்த்ததும் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றிருந்தது.

அவன்தான் முதலில் பார்த்தான். "ஏ, மாப்ளே!" என்று குடோன் அதிரக் கூப்பிட்டான். மத்தியானம் விடமாட்டேன் என்று வீட்டுக்கு இழுத்துப் போனான். நொண்டிக்கொண்டே வழியெல்லாம் பேசினான். அவன் சம்சாரம் சோறு போட்டது. நாலு வாய் சாப்பிட்டதும் அவன் கேட்டான்.

"மாப்ளே, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாத. அன்னைக்கு நான் விட்ருன்னு கத்துனேனே, ஒனக்குக் கேக்கலைல்ல?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"கேக்கலை" என்றேன். "கொட்டுச் சத்தம்."

அவன் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி மலர்ந்துவிட்டது. சம்சாரத்தின் பக்கம் திரும்பினான். "கேட்டியா? இத்தனை வருசமா ஒங்கிட்ட என்ன சொன்னேன்? அவனுக்குக் கேட்டிருந்தா விட்டிருப்பான்னேன்ல!" அந்த அம்மா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியது.

கிளம்பும்போது அவன் எழுந்திருக்கச் சிரமப்படுவான் என்று அந்த அம்மாதான் தெருமுனை வரை வந்தது. மூட்டை வண்டி அங்கே நின்றது. நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கணும் தாயி, வரலை" என்று தொடங்கினேன். இங்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. அந்த அம்மா என்னைப் பேச விடவில்லை.

"அண்ணே, நான் அன்னைக்குக் கோட்டுக்கு வெளிய நின்னேன். பொம்பளைக நின்ன பக்கம். எனக்கே கேட்டுச்சு."

நான் தலையைத் தூக்கவில்லை.

"அவரு காலைப் பத்திக் கவலைப்பட்டதே இல்லை. சேக்காளி தெரிஞ்சே செஞ்சுட்டான்னு ஊர்ல பேசுனப்பத்தான் சோறு இறங்காமக் கெடந்தாரு. சொல்லணும்னு ஒங்களுக்கு இருக்கும். அவர்ட்டச் சொல்லிறாதீங்க. நீங்க எறக்கி வச்சுட்டுப் போயிருவீங்க, அப்புறம் அவருதான சொமக்கணும்."