கொழும்பைப் பற்றிய இரண்டு வரிகள்

ஒருவர் சொன்னதை அவர்தான் சொன்னார் என்று சொல்வது காட்டிக்கொடுப்பதாகுமா? பொய் எதுவும் சொல்லவில்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆனால் மகளுக்குத் தலை சீவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதே கேள்வி திரும்பி வந்து நிற்கிறது. நான்கு வருடமாகப் போகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. அன்றைய குளிர், ரயில் நேரம், இரவுச் சாப்பாடு ஆகியவற்றை அதில் எழுதுவது என் பொறுப்பு. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போன எனக்கு, வெண்கட்டி பிடிக்க இதாவது கிடைத்ததே என்றிருந்தது. அந்தப் பலகைக்கு லண்டனையும் டோக்கியோவையும் கொண்டுவந்தவர் டிரைவர் அண்ணன்.

நானுஓயா ரயில் நிலையத்தில் இறங்கும் வெளிநாட்டவர்களை எங்கள் விடுதிக்கு ஏற்றி வரும் வேன் அவருடையது. நாங்கள் இருவரும் ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயத்து வரிசை. இடையில் இரண்டு வீடுகள்தான். கட்டுநாயக்க விமான நிலையத்தின் வாசலோடு அவருடைய உலகம் முடிந்துவிடும். அதற்கு அப்பால் அவர் போனதில்லை. ஆனால் அவருக்குத் தெரியாத நகரம் கிடையாது. நானுஓயாவிலிருந்து மேலே ஏறும் அந்தச் சிறிய பயணத்தில், இரண்டாவது வளைவு தாண்டியதும், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தயங்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: உங்கள் ஊரில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன? நல்லதைக் கேட்கவே மாட்டார். “நல்லதெல்லாம் அவங்க புத்தகத்துலயே போட்டிருப்பாங்க தங்கச்சி. கெட்டது வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும்” என்பார்.

இப்படிச் சேர்த்ததை அடுத்த முறை அதே ஊரிலிருந்து வருபவர்களிடம் எடுத்துவிடுவார். நானும் அதற்கு உடந்தை. முன்பதிவைப் பார்த்து, “ரெண்டு பேர், பாரிஸ்” என்று காலையிலேயே அவருக்குச் செய்தி அனுப்பிவிடுவேன். வேன் முற்றத்தில் வந்து நிற்கும் முன்பே உள்ளே சிரிக்கும் சத்தம் கேட்கும். பெட்டிகளை இறக்கிவிட்டு, பிளேன்டீக்காக மேசையோரம் நிற்கும்போது அதையே எனக்குத் தமிழில் சொல்வார்.

“லண்டன்ல மழை நம்ம ஊரு மாதிரியேதான். ஆனா கொழுந்து கெடையாது. சும்மா பெய்யுது.”

“பாரிஸ்காரன்கிட்ட வழி கேட்டா, நீ கேட்ட விதம் சரியில்லன்னு திருத்துவானாம். அவன் திருத்தி முடிக்கிறதுக்குள்ள நாமளே போய்ச் சேந்துறலாம்.”

“டோக்கியோவுல ரயிலுக்குள்ள ஆளைத் தள்ளி ஏத்துறதுக்குக் கையுறை போட்ட உத்தியோகத்தனாம். பதுளை ரயில்ல அந்த வேலைய நாம சம்பளமில்லாம செய்யறோம்.”

“வெனிஸ்ல தெருவெல்லாம் தண்ணியாம். நம்ம லயத்துக் கோடியில சாக்கடைக் கான் அடைச்சா வர்ற அதே தண்ணி. நாம டிக்கட் போடாம விட்டுட்டோம், பாத்தியா?”

நியூயோர்க்கைப் பற்றிச் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். “தூங்காத ஊருன்னு அவங்களுக்கு ஒரே பெருமை. ஒம் மகளக் கொண்டுபோயி அங்க விடு. அவங்களுக்கே தூக்கம் வந்துரும்.” என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். அவள் அழுகை எங்கள் லயம் முழுவதற்கும் தெரியும். காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போவதை முழங்கால் வலியால் நிறுத்திவிட்ட அவருடைய மனைவி, எங்கள் அண்ணி, பகல் முழுக்க அவளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணி இல்லையென்றால் நான் வேலைக்குப் போயிருக்க முடியாது. இன்றும் அப்படித்தான்.

அண்ணன் சொன்னதை ஆங்கிலத்தில் இரண்டு வரியாகச் சுருக்கிப் பலகையில் எழுதத் தொடங்கியது நான்தான். எழுதிவிட்டு ஒவ்வொரு முறையும் பயந்தேன். யாராவது கோபித்துக்கொண்டால்? மேலாளர் பார்த்தால்? ஆனால் விருந்தினர்கள் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்தார்கள். மேலாளரும் ஒருநாள் வாசித்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு பயம் கொஞ்சம் குறைந்தது. குறைந்திருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

அண்ணனுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பக்கத்து ஊரைப் பற்றி வாயே திறக்கமாட்டார். கண்டி, கொழும்பு பற்றி நான் கேட்டால் கையை ஆட்டிவிடுவார். “தூரத்து ஊரச் சொன்னா சிரிப்பாங்க. பக்கத்து ஊரச் சொன்னா மொறைப்பாங்க. வேணாம் தங்கச்சி.”

அந்த வருடம் தீபாவளிக்கு என் கணவர் வரவில்லை. அவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். ஆள் இல்லை என்று லீவு தரவில்லை. மகளுக்கு முதல் தீபாவளி. எடுத்து வைத்த புதுச் சட்டையை அவளுக்குப் போட்டு, படம் எடுத்து அனுப்பினேன். “அழகா இருக்கா” என்று ஒரு பதில் வந்தது. அடுத்த வாரம், நீண்ட விடுமுறைக்கு ஒரு கொழும்புக் குடும்பம் வருவதாக முன்பதிவில் பார்த்தேன். அண்ணனிடம், கொழும்பைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்தார்.

“கொழும்பு, நம்ம தேயிலையக் குடிக்கிற ஊரு. குடிச்ச கோப்பையக் கழுவுறதுக்கும் நம்ம புள்ளைங்கதான் போகுது.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. “இது பகிடி இல்ல தங்கச்சி. எழுதிறாத” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் எழுதினேன். எழுத்துப் பிசகாமல், அடியில் கோடும் இழுத்து எழுதினேன். அந்த ஐந்து நிமிடம் நான் நல்ல பிள்ளையாக இருக்கவில்லை. வாழ்க்கையில் அப்படி இருந்தது அந்த ஒரு தடவைதான் என்று தோன்றுகிறது.

அந்தக் குடும்பத்து அம்மா பலகையை இரண்டு முறை வாசித்தார். நேராக மேலாளரின் அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மேலாளர் வெளியே வந்தார். கையெழுத்து யாருடையது என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும். “இத யாரு சொன்னது?” என்று மட்டும் கேட்டார்.

“டிரைவர் அண்ணன்தான் சொன்னாருங்க சார்.”

அதற்குப் பிறகு நான் சொல்லியிருக்க வேண்டியது இன்னொரு வாக்கியம். எழுத வேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார் என்பது. அது என் வாய்வரை வந்தது. வேலை போனால் மகளுக்குப் பால்மாவுக்கு என்ன செய்வது என்ற எண்ணம் அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. மேலாளர் வெளியே போய் அண்ணனைக் கேட்டார். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியை மடித்தார். கண்ணாடிக் கதவு வழியாக என்னை ஒருமுறை பார்த்தார். “ஆமாங்க சார். நாந்தான் எழுதச் சொன்னேன். அந்தப் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாது” என்றார். கதவு பாதி திறந்திருந்தது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

மறுநாள் முதல் வேறு வேன் வந்தது. பலகையும் கழற்றப்பட்டது. அண்ணன் சில மாதம் நானுஓயா நிலையத்தின் வாசலில் நின்று, தற்செயலாக இறங்குகிறவர்களை ஏற்றிப் பார்த்தார். எல்லோரும் கைத்தொலைபேசியிலேயே வாகனம் சொல்லிவைத்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் வேனைக் கைமாற்றிவிட்டு, துபாயில் சாமான் வண்டி ஓட்டப் போவதாகச் சொன்னார். புறப்படுவதற்கு முந்தைய நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அழத் தொடங்கியதும் சுற்றும்முற்றும் பார்த்தார்.

“அடச்சீ, மூக்கத் தொடச்சுக்க. ஒங்கண்ணிக்கு இது தெரிய வேணாம். புள்ளைய அவகிட்டதான விடுற. நான் பேசுனேன், நான் போறேன். அவ்வளவுதான்னு இருக்கட்டும்.”

சரி என்று தலையாட்டினேன். எனக்கு வசதியானது என்பதால் ஆட்டினேனா, அவர் கேட்டார் என்பதால் ஆட்டினேனா, இதுவும் எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து வெள்ளிக்கிழமைகளில் குரல் பதிவு அனுப்புவார். முதல் பதிவைக் கேட்டு நானும் அண்ணியும் அவர் பிள்ளைகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். “துபாய்ல எல்லாமே பெருசு. நெழலு மட்டுந்தான் சின்னது. அதுலயும் ஏற்கனவே நாலு பேரு நிக்கிறான்.” பிறகு பதிவுகள் குறைந்தன. எனக்கு மட்டும் அனுப்பிய ஒன்றில் அவர் குரல் தாழ்ந்திருந்தது. “தங்கச்சி, இந்த ஊரப் பத்தி ஒண்ணுஞ் சொல்ல முடியல. நான் பாக்குற யாருமே இந்த ஊர்க்காரன் இல்ல. எது பிடிக்கலன்னு கேட்டா, அவனவன் அவனோட ஊரப் பத்தித்தான் பேசுறான். புள்ளையப் பத்திப் பேசுறான். சிரிக்கிற மாதிரி ஒண்ணும் வரல.” பிறகு, “ஒம் மக நடக்குறாளா?” என்று கேட்டார்.

நடக்கிறாள் என்று பதில் போட்டேன். அவளை நடக்கவைத்துப் படமும் அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கு அடையாளம் வந்தது. அடுத்த மாதம் அண்ணனுக்குத் தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. பெட்டி வந்து சேர இரண்டு வாரம் ஆனது. தோட்டத்துச் சனமெல்லாம் மழையில் நின்றது. அண்ணி பெட்டியின் மேல் கையை அடித்து அடித்து ஒன்றையே சொன்னார். “வாயால கெட்டீங்களே! ஒங்க வாயாலயே கெட்டீங்களே!” நான் பக்கத்தில் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமலே நான் நின்றதைத் துக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

இத்தனை நாளும் இந்த மௌனத்தைப் பெரிய பாவமாக நான் நினைக்கவில்லை. அண்ணன் கேட்டதைக் காப்பாற்றுகிறேன் என்று வைத்துக்கொண்டேன். போன மாதம் நடந்தது அதைக் கலைத்துவிட்டது.

அண்ணனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பதினோரு வயது. முகம் அண்ணி, பேச்சு அப்படியே அண்ணன். வேலை முடிந்து மகளைக் கூட்டிக்கொள்ளப் போனேன். என் மகள் அவளிடம், “நானுஓயா எப்பிடி அக்கா இருக்கும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூத்தவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“நானுஓயாவா? எல்லாரும் எறங்குற ஊரு. ஆனா யாருக்கும் அங்க வேல இல்ல.”

சிரிக்க வாய் திறந்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து அண்ணி பாய்ந்து வந்து அவள் வாயிலேயே ஓர் அடி வைத்தார்.

“அப்பன் வாயி! அப்பிடியே அப்பன் வாயி! அந்த வாய்க்குத்தான் பெட்டியில வந்தாரு. நீயும் பேசு, பேசிட்டு நீயும் போ!”

பிள்ளை அழவில்லை. வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். கையை எடுக்காமலே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அண்ணி அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். என் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா என்னாம்மா தப்புப் பேசுனா?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

அன்றிலிருந்து மூத்தவள் என்னிடம்கூட ஒரு சொல், இரண்டு சொல்தான் பேசுகிறாள். பள்ளிக்கூடம் எப்படி என்றால், “ம்.” பசிக்குதா என்றால், “இல்ல அத்தை.” அவள் வகுப்பாசிரியையைப் பஸ்ஸில் கண்டேன். “முந்தி கிளாஸையே சிரிக்க வைப்பா. இப்ப கேள்வி கேட்டாலும் கையத் தூக்குறா இல்ல” என்றார். சிரிக்கப் பேசினால் செத்துப்போவோம் என்று ஒரு பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறது. அவளுடைய அப்பா வாயால் கெடவில்லை. அவர் வேண்டாம் என்றார். எழுதியது நான். மறைத்ததும் நான். இது தெரிந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது நான் மட்டும்தான்.

இதை வாசிப்பவர்களில் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். அண்ணியிடம் உண்மையைச் சொன்னால் அவர் என்னை மன்னிக்கவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் மகளுக்கு அந்த மடி போய்விடும். என் வேலையும் போய்விடும். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று சில நாள் தோன்றுகிறது, சில நாள் தோன்றவில்லை. ஆனால் செத்துப்போன மனிதர் ஒன்றே ஒன்றைத்தான் என்னிடம் கேட்டார். அதை உடைப்பது அவருக்கு இரண்டாவது முறை செய்யும் துரோகமாகிவிடாதா? அண்ணியை விட்டுவிட்டு, பிள்ளையிடம் மட்டும் சொல்லலாமா? பதினோரு வயதுக் குழந்தையிடம் அப்படியொரு ரகசியத்தைக் கொடுத்து, தாயிடம் மறைக்கச் சொல்வது நியாயமா? பெயர்களை விட்டுவிட்டுத்தான் இதை எழுதியிருக்கிறேன். அண்ணி பத்திரிகை வாசிப்பதில்லை. மூத்தவள் வாசிப்பாள், வடை சுற்றி வந்த தாளைக்கூட விரித்து வைத்து வாசிப்பாள். அவளாக இதைக் கண்டுபிடிப்பதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். முதலில் யாரிடம் சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.