பரண் கட்டிலில் இரண்டு பேர்

லெய்சாவின் பேச்சை எடுத்தால் எங்கள் ஊரில் இன்றைக்கும் சிலருக்குத் திடீரென்று இருமல் வரும். எனக்கு வராது. ரிட்வென் பண்ணைக்கு அவளும் நானும் கூலிக்கு ஆள் எடுக்கும் ஒரே சந்தையில் வேலைக்குப் பேசப்பட்டோம், ஒரே பரணில் படுத்தோம், ஒரே சட்டியில் கஞ்சி குடித்தோம். என் பெயர் நான்சி. வாய்க்காரி என்பார்கள். இருந்துவிட்டுப் போகிறேன். எல்லாரும் வாயை மூடிக்கொண்ட ஊரில் ஒருத்திக்காவது வாய் வேண்டுமல்லவா?

அது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு. உருளைக்கிழங்கு இரண்டாம் தடவையாக நிலத்திலேயே அழுகியதற்கு அடுத்த வருடம். லெய்சாவுக்கு இருபத்து நான்கு வயது. நெட்டையான பெண், சாணமும் குளிரும் வெடிக்கவைத்த கைகள். லண்டனுக்கு வெகு தூரம் மேற்கே, மலைநாட்டில், எங்கள் கார்டிகன் பக்கத்துப் பெண்கள் எல்லாருமே நடந்துகொண்டே காலுறை பின்னுவோம். ஆனால் வேலி தாண்டும்போதுகூட ஊசியை நிறுத்தாதவள் அவள் ஒருத்திதான். கம்பளி விற்ற காசு தன் பெட்டிக்குப் போனதா என்றால் இல்லை. ஷென்கினின் புத்தகத்துக்கும் பூட்ஸுக்கும் போனது.

ஷென்கின் அடுத்த பண்ணையில் ஏர் ஓட்டியவன். நல்ல குரல். அவன் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் கிழவிகள் கண் துடைக்கச் சால்வை நுனியைத் தேடுவார்கள். பிரசங்கியாக வேண்டும் என்பது அவன் ஆசை. அவனைவிட லெய்சாவுக்கு அதிக ஆசை. எங்கள் சோவார் ஜெபவீட்டின் மூப்பர்கள் தலையாட்டினால் பிரசங்கிகள் பள்ளிக்கு அனுப்புவார்கள். படித்துவிட்டு வந்ததும் கல்யாணம். ஊருக்கே தெரிந்த பேச்சு அது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஆணும் பெண்ணும் காதல் பேசுவது கட்டிலில்தான். முகத்தைச் சுளிக்காதீர்கள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வேலை. எரிக்க வெட்டிவைத்த கரிமண்ணை மிச்சம் பிடிக்க எசமான் அடுப்பைச் சாம்பலால் மூடிவிடுவார். வெளியே மழை. வேறு எங்கே போய்ப் பேசுவது? சனிக்கிழமை பையன் ஏணி வைத்துப் பரணுக்கு வருவான். உடுத்திய துணியோடு, நடுவில் ஒரு கம்பளியோடு, படுத்தபடி பேசுவார்கள். பாதிப் பேர் வேலைக் களைப்பில் பேச்சின் நடுவிலேயே குறட்டை விட்டுவிடுவார்கள். என் ஆள் வருகிற வாரம் லெய்சா அடுப்படியில் படுப்பாள். அவள் ஆள் வருகிற வாரம் நான். எசமானியம்மாதான் மெழுகுவத்தித் துண்டு எடுத்துக் கொடுப்பாள். எல்லை தாண்டினால் கல்யாணம் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான்.

எங்கள் எசமான் ஜோசுவாவுக்கே அப்படித்தான் நடந்தது. அவர் கல்யாணத்துக்கு வந்தவர்கள் உண்ட சோறு செரிப்பதற்குள் மூத்த மகன் ஏனோக்கின் பெயர்சூட்டுக்கும் வந்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவர்தான் சோவாரின் தலைமை மூப்பர். அதற்கு நாலு வருடம் முன்னால், சாலை வரியை எதிர்த்து, ஆள் தெரியாமலிருக்கப் பெண்சாதியின் பாவாடையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் கரி பூசி, சுங்கச்சாவடியை உடைக்கப் போன வீரரும் அவர்தான்.

அந்தக் குளிர்காலத்தில், எங்கள் பள்ளிக்கூடங்களைப் பார்க்க லண்டன் அரசாங்கம் துரைகளை அனுப்பியது. எங்கள் பக்கம் வந்தவர், அரசாங்கமே நடத்துகிற கோயிலின் குருவானவர் வீட்டில் தங்கினார். துரைக்கு எங்கள் பாஷை ஒரு சொல் தெரியாது. குருவானவர்தான் அவருக்கு வாய், அவர்தான் காது. ஊரில் முக்கால்வாசிப் பேர் தன் கோயிலை விட்டு எங்கள் ஜெபவீட்டுக்குப் போகிறார்களே என்ற எரிச்சல் குருவானவருக்கு வெகு நாளாக உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சோவாரின் ஞாயிறு பள்ளிக்கு வந்தார்கள். லெய்சா அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பாள். துரை இங்கிலீஷில் கேட்டார், பிள்ளைகள் விழித்தன, துரை எழுதிக்கொண்டார். முடிந்து வெளியே வரும்போது குருவானவர் லெய்சாவிடம் வெல்லமாகப் பேச ஆரம்பித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஏம்மா லெய்சா, உங்க சபையில வாலிபப் பிள்ளைங்க எல்லாம் எங்க சந்திச்சுப் பேசிக்குவாங்க?"

"வேற எங்க சாமி? பரண்ல, கட்டில்லதான்."

"பெரியவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? எசமானியம்மாதான் மெழுகுவத்தியே குடுக்கிறாங்க. ஏன் சாமி, நீங்களும் பண்ணை வீட்ல பொறந்தவங்கதானே! ஏணி ஏறாமயா இருந்திருப்பீங்க?"

அவர் சிரித்தார். பிறகு துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். அவள் சொன்னது ஒரு வாய்ச் சொல். அவர் சொன்னது ஒரு பிரசங்கம். துரையின் பென்சில் நிற்கவே இல்லை.

வழியில் அவளைத் திட்டினேன். "அந்த ஆளுகிட்ட எதுக்குடி இதெல்லாம்?"

"மழை பெய்யுதான்னு கேட்டா பெய்யுதுன்னுதானே சொல்லணும்? இதுல மறைக்க என்ன கெடக்கு?" என்றாள், ஊசியை நிறுத்தாமல்.

அதுதான் அவள் செய்த தப்பு. மறைக்க ஒன்றுமில்லை என்று நம்பியது.

அந்த வருடக் கடைசியில் துரைகளின் அறிக்கை நீல அட்டை போட்டு அச்சாகி வந்தது. இங்கிலீஷ் தெரிந்த செருப்புத் தைப்பவர் பட்டறையில் வைத்து அதை எங்கள் பாஷையில் வாசித்துச் சொன்னார். நாங்கள் அழுக்கர்கள், பொய்யர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. எங்கள் பெண்களுக்குக் கற்பு என்றால் என்னவென்றே தெரியாது. ஜெபவீட்டுக் கூட்டங்கள்தான் அதற்குக் காரணம். அதில் எங்கள் குருவானவரின் சாட்சியமும் இருந்தது. 'அவர்களின் ஞாயிறு பள்ளியில் கற்பிக்கும் ஒரு பெண்ணே வெட்கமின்றிச் சிரித்துக்கொண்டு என்னிடம் ஒப்புக்கொண்டாள்' என்று. பெயர் போடவில்லை. போடவேண்டிய தேவையும் இல்லை.

நாடே கொதித்தது. எனக்கும் கொதித்தது. லண்டன்காரனுக்கு எங்கள் பெண்களைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை? ஆனால் லண்டன் தூரம். குருவானவருக்கோ நிலப்பிரபுவின் தயவு இருந்தது. லெய்சா பக்கத்தில் இருந்தாள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எங்கள் மூப்பர்கள் அம்பைத்தான் நொந்தார்கள். சபையின் பெயரைக் கழுவவேண்டும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளை எழுப்பி நிறுத்தி விசாரிக்கவேண்டும் என்று முடிவானது. அதற்கு அடுத்த வாரம்தான், ஷென்கினைச் சோதித்துப் பள்ளிக்கு அனுப்ப வெளியூர்ப் போதகர்கள் வருவதாக இருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தப்பு செய்த ஆணும் பெண்ணும் சேர்ந்து எழுந்து, 'நாங்கள் கட்டிக்கொள்ளப் போகிறவர்கள்' என்று சொல்லிவிட்டால், சில வாரம் தள்ளிவைத்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். ஒருத்தி தனியாக நின்றால் தொலைந்தாள். ஷென்கின் எழுந்தால் லெய்சா தப்பித்தாள். அவனுக்கு அந்த வருடப் பள்ளி போகும், வேறொன்றும் போகாது.

சனிக்கிழமை பால் கறக்கிற நேரத்தில் அவன் தொழுவத்துக்கு வந்தான். நான் அந்தப் பக்கத்து மாட்டடியில் இருந்தேன்.

"நீ பயப்படாத. அவங்க கேட்ட அடுத்த நிமிஷம் நான் எந்திரிச்சிடறேன்" என்றான்.

"உன் பள்ளிக்கூடம்?"

"ஒரு வருஷம் தள்ளிப் போனா குடியா முழுகிடும்? நீ முக்கியமா, அது முக்கியமா?"

லெய்சா அன்றைக்குத் தன் சிவப்புக் கம்பளிச் சால்வையைத் துவைத்துக் காயப்போட்டாள். பாடிக்கொண்டே காயப்போட்டாள்.

மறுநாள் சோவாரில் மூச்சு விட இடமில்லை. மூப்பர்களின் ஆசனம் பிரசங்க மேடைக்கு அடியில், சபையைப் பார்த்தபடி இருக்கும். ஜோசுவா அங்கிருந்து எழுந்தார். அவளுக்குக் கூலி கொடுப்பவர், அடுப்பை மூடிவிட்டு அவளைப் பரணுக்கு அனுப்பியவர், அவளை முன்பின் பார்த்திராதவர்போலப் பேசினார்.

"லெய்சா, எந்திரி. கோயில்காரர்கிட்ட நம்ம சபையைப் பத்திச் சொன்னது நீதானா?"

"நான்தாங்க. கேட்டாரு, சொன்னேன்."

"கட்டில்ல உன்கூட இருந்தது யாரு?"

அவள் ஷென்கினைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தோம். தெரியாத ஆள் ஒருத்தர் அங்கே கிடையாது; ஜோசுவாவே எத்தனையோ சனிக்கிழமை அவனுக்காக நாயைக் கட்டிப்போட்டவர். ஷென்கின் முன் பெஞ்சில் இருந்தான். பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அதில் எதையோ தேடினான். அவள் காத்திருந்தாள். அவன் பக்கத்தைப் புரட்டினான்.

"பேரைச் சொல்லு" என்றார் ஜோசுவா.

"அவரு பேர அவருதாங்க சொல்லணும். என் பேரு லெய்சா. அது உங்களுக்குத் தெரியும்."

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். "ஐயா, அந்தப் பரண்ல நானும்தான் படுத்தேன். உங்க வீட்டம்மாவும் எங்கயோ படுத்துத்தான் ஏனோக்கு பொறந்தான்! பாவாடை கட்டிக்கிட்டு சாவடி உடைக்கப் போனீங்களே, இன்னைக்கி ஒரு பொம்பளை மேல ஏறி மிதிக்க வெக்கமா இல்ல?"

"உக்காருடி!" என்று பத்துக் குரல் கேட்டது. அதில் பாதி பெண் குரல். அந்தப் பெண்களில் கட்டிலில் காதல் பேசாதவள் ஒருத்திகூட இல்லை.

"மனந்திரும்புறியா?" என்று ஜோசுவா அவளைக் கேட்டார்.

"எதுக்குங்க? மெழுகுவத்தி உங்க வீட்டுது" என்றாள் லெய்சா. அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

அவளைச் சபையை விட்டுத் தள்ளச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். ஷென்கின் கையும் மேலே போனதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள். முடிவு ஜெபம் பண்ண ஜோசுவா யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? ஷென்கினை. வழி தப்பிய ஆட்டுக்காக அவன் ஜெபித்தான். அழகாகத்தான் ஜெபித்தான், பாவி. கிழவிகள் அழுதார்கள்.

வாயாடியதற்காக என்னையும் தள்ளிவைத்தார்கள். மறு வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது, சேர்த்துக்கொண்டார்கள். புருஷன் இருந்தால் பாவம் சீக்கிரம் காய்ந்துவிடும் போலிருக்கிறது.

லெய்சாவை அடுத்த சந்தையில் எங்கள் பக்கத்துப் பண்ணை எதுவும் வேலைக்குப் பேசவில்லை. கரிமண் வெட்டுகிற மேட்டில் ஒற்றை அறைக் குடிசையில், காலுறை பின்னியே வாழ்ந்தாள். ஊரை விட்டுப் போகவில்லை. ஞாயிறு தவறாமல் சோவாருக்கு வந்து, கதவோரம் சபையில் சேராதவர்களுக்கான கடைசி பெஞ்சில் உட்காருவாள். திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் எடுக்கும் நேரம் வந்தால் அந்த பெஞ்சுக்காரர்கள் வெளியே போகவேண்டும். அவளும் போவாள். மழையோ பனியோ, கல்சுவரில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பாள்.

ஷென்கின் பெரிய பிரசங்கியானான். ஜவுளிக்கடைக்காரர் மகளைக் கட்டினான். எந்தப் பிரசங்கத்தால் பெயர் வாங்கினான் என்று நினைக்கிறீர்கள்? கட்டில் காதலுக்கு எதிரான பிரசங்கத்தால். அதைக் கேட்கப் பத்து மைல் நடந்து போவார்கள். சோவாருக்கும் ஒரு கோடையில் வந்து அதையே பேசினான். 'நம் நாட்டுக்கு லண்டனில் தலைகுனிவு தேடித்தந்த அந்த அசுத்தம்!' என்று அவன் கையை ஓங்கியபோது ஜனங்கள் 'மகிமை, மகிமை' என்று கத்தினார்கள். கதவோர பெஞ்சில் லெய்சா அசையாமல் கேட்டாள்.

வெளியே வந்ததும், "எப்படிடி உன்னால கேட்டுக்கிட்டு உக்கார முடியுது?" என்றேன்.

"குரல் இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "அந்தக் குரலுக்கு நான்தானேடி பூட்ஸு வாங்கிக் குடுத்து நடக்க விட்டேன்."

அவள் வயதாகி, நெஞ்சில் சளி கட்டிக் கடைசியாகப் படுத்தபோது, தலைமை மூப்பர் ஏனோக் வந்தான். ஆமாம், அதே ஏனோக். சபைக்கு இப்போது இரக்கம் வந்துவிட்டதாம்.

"பெரியம்மா, தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். சபையில சேத்துக்கிறோம். நம்ம கல்லறையில எடமும் உண்டு."

அவள் வெகுநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு சொன்னாள்: "சொல்றேன் ஐயா. ஆனா அந்தக் கட்டில்ல ரெண்டு பேர் இருந்தோம். அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க. சேந்தே சொல்லிடறோம்."

ஏனோக் தொப்பியைக் கையில் சுழற்றினான். "பாக்கறேன் பெரியம்மா" என்றான். அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. அந்த வாரமே அவள் போய்விட்டாள். சோவார் கல்லறையில் இடம் மறுத்தார்கள். கடைசியில் அரசாங்கக் கோயிலின் மண்ணில்தான் புதைத்தோம். அவள் வாயைப் பிடுங்கி லண்டனுக்கு விற்ற குருவானவர் அங்கேதான், கூப்பிடு தூரத்தில், சலவைக்கல்லுக்கு அடியில் கிடக்கிறார். குழியருகில் நானும் என் புருஷனும், குழி வெட்டியவனும் நின்றோம்.

ஷென்கின் போன வருடம் செத்தான். அவனுக்குச் சோவாரின் சுவரில் கல் பதித்திருக்கிறார்கள்: 'வாழ்விலும் வாக்கிலும் தூயவர்.' அந்தக் கல் என் பெஞ்சுக்கு நேர் எதிரே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அப்பம் தின்ன முடியவில்லை.

அதனால் இப்போதெல்லாம் அப்பம் பிட்கிற நேரம் வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அவள் உட்கார்ந்த கல்சுவரில் உட்கார்ந்து பின்னுகிறேன். ஏன் என்று சபையில் ஒருவரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பேர் பெயரையும் சொல்லுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.