புளியமர ரோடு

என் மாமனார் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததற்கு ரோடுதான் காரணம். சங்கராபுரத்துக்கு வழவழவென்று புது ரோடு போட்டாகிவிட்டது. ஊரே அதில் போகிறது. இவர் மட்டும் என் எட்டு வயது மகளை மொபெட் வண்டியில் உட்காரவைத்துப் பழைய புளியமர ரோட்டில் பள்ளிக்கூடம் கூட்டிப்போவார். சாயங்காலம் அவளோடுதான் திரும்புவார். குண்டும் குழியுமான ரோடு, சுற்று வேறு.

"புது ரோட்ல போனா இன்னா மாமா?"

"லாரி ஜாஸ்திம்மா."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய ரோட்டில்தான் ஒயின் ஷாப் இருக்கிறது. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. திருப்பூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரிடம் சொன்னால் "எங்கப்பாவையா?" என்று எகிறுவார். அதனால் யாருக்கும் தெரியாமல் மாமனாரின் துண்டை முகர்ந்து பார்த்தேன். வேர்வையும் வெற்றிலையும்தான்.

மகளைக் கேட்டேன். "தாத்தா எங்கனா வண்டிய நிறுத்துறாரா?"

"இல்லம்மா. நாங்க ரோடு விளையாட்டு விளையாடிக்கினே போவோம்."

நன்றாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்று அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு, மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லி நானே வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன். பழைய ரோட்டில் திரும்பியதுமே பழங்கதையை ஆரம்பித்துவிட்டார்.

"இங்க ஒரு சுமதாங்கி கல்லு. மலைச்சனங்க கடுக்கா மூட்டைய எறக்கி வச்சிட்டு உக்காருவாங்க. இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க."

வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது.

"ரெட்டக் கெணறு வந்துச்சா?"

"வந்துச்சி." பேச்சுக் கொடுத்து ஏமாற்றப் பார்க்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. ஒயின் ஷாப் வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"அடுத்தது கோணப் புளியமரம். அந்தக் காலத்துல வண்டிக்காரன் தூங்குனாகூட மாடு தானா அங்க திரும்பிக்கும். வந்துச்சாம்மா?"

"வெட்டிட்டாங்களே மாமா." அப்போதுதான் வெட்டியிருந்தார்கள். மரத்தூள்கூடக் காயவில்லை.

வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. எதிரே பஸ் ஹாரனை அலறவிட்டபடி வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"பஸ்ஸு எந்தப் பக்கம்மா?"

குதித்து இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியையும் அவரையும் ஓரத்துக்கு இழுத்தேன். பஸ் உரசாத குறையாகப் போனது. சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"எத்தினி நாளா மாமா இப்பிடி?"

"போன பொங்கல்லேர்ந்து. எல்லாம் நெழலாட்டம்தான் தெரியுது."

"சொல்லக்கூடாதா?"

"சொன்னா எங்கூட பாப்பாவ அனுப்ப மாட்டியேம்மா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது ஒரு தபாகூட தப்பா சொன்னதில்ல."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பொங்கலிலிருந்து அந்த வண்டியை ஓட்டியது என் மகள். நான் துண்டை முகர்ந்துகொண்டிருந்தேன்.