மூடி போட்ட முகூர்த்தம்

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மயில்வாகனத்துக்குப் பழைய கேமரா என்றால் உயிர். சென்னைக்குப் போனால் மூர் மார்க்கெட்டின் பழஞ்சாமான் கடைகளை அலசாமல் திரும்ப மாட்டார். 1971-இல் அவரிடம் நான்கு இருந்தன. எல்லாமே ஒரு வகை: மேலே உள்ள குட்டி ஜன்னலில் கண்ணை வைத்தால் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். அந்த நொடிக்காகத் தறியை நிறுத்திவிட்டுக் காக்கையைக் குறிபார்த்துக்கொண்டிருப்பார் மனிதர்.

சிநேகிதர் உமாபதியின் மகள் ஏலவார்குழலிக்குக் கல்யாணம். படமெடுக்கும் ஸ்டூடியோ யேசுதாஸுக்கு அதே முகூர்த்தத்தில் வேறொரு கல்யாணத்தில் வேலை. "நீயே எடுத்துடுபா" என்றார் உமாபதி.

தாலி கட்டும் நேரம் பார்த்துக் கையிலிருந்த கேமராவில் பிலிம் தீர்ந்தது. பையிலிருந்த ருஷ்யாக் கேமராவை அவசரமாக எடுத்து, கெட்டிமேளத்தோடு பதினைந்து படம் எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, கழுவிய பிலிமை யேசுதாஸ் தூக்கிக் காட்டினார். "ஒண்ணுமே விழலியேபா." கண்ணாடி மாதிரி இருந்தது. மயில்வாகனம் வீட்டுக்கு ஓடிப்போய்க் கேமராவைப் பார்த்தார். லென்ஸில் மூடி அப்படியே இருந்தது. லென்ஸோடு சம்பந்தமில்லாத அந்தக் குட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது! அன்று சோறு இறங்கவில்லை.

மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தபோது போய், நின்ற வாக்கிலேயே சொல்லிவிட்டார். உமாபதியின் முகம் சுருங்கிப்போயிற்று. ஏலவார்குழலிதான் பக்கென்று சிரித்தாள்.

"மூடிதானே மாமா? நான் பாத்தேனே, கருப்பா மூடிக்கினு இருந்துச்சு."

"பாத்தியா? சொல்லக்கூடாதாம்மா?"

"எப்படி மாமா? ஓரக்கண்ணால பாத்ததுக்கே அத்தை கிள்ளிக்கினு இருந்தாங்க."

மாப்பிள்ளை திருஞானசம்பந்தத்துக்குக் காப்பி புரையேறியது. உமாபதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மயில்வாகனம் தோளில் தொங்கிய வேறொரு கேமராவின் லென்ஸை இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு அந்தச் சிரிப்பைப் படம் எடுத்தார். உமாபதி வீட்டுக் கூடத்தில் தாலி கட்டும் படத்துக்கென்று அடித்து வைத்திருந்த ஆணியில் அதுதான் மாட்டப்பட்டது.

கிளம்பும்போது பையிலிருந்த ருஷ்யாவை ஏலவார்குழலி கையில் கொடுத்தார். யாரையும் தொடவிடாத மனிதர்! "என் கண்ணுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுதே. வெச்சிக்கமா." வளையத்தைத் திருப்பவும் சொல்லிக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து அரக்கோணத்தில் அவள் புகுந்த வீட்டிலிருந்து கடிதம் வந்தது. உள்ளே அவள் எடுத்த ஒரு படம்: மாப்பிள்ளை கயிற்றுக்கட்டிலில் வாயைப் பிளந்து தூங்குகிறார். மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. மயில்வாகனம் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே யேசுதாஸ் கடைக்கு நடந்தார்.

"பாருபா, துளி ஆடல."